ஊத்தை வாய் எச்சில்

கவலைப்பட்டு யோசிப்பதில் என்னை வெல்ல எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் ஆளில்லை. கதவைப் பூட்டிவிட்டுச் சுன்னாகம் சந்தை வரை சைக்கிளில் போய், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வந்த நாட்கள் உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதும் அதனால்தான். சோதனை மண்டபத்தில் கை நடுங்கி, பேனையைப் பிடிக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அதே யோசனைதான் ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சியைக் காப்பாற்றியது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எங்கள் ஒழுங்கைப் பெண்கள் வெங்காயம் தரம் பிரிக்கும் கூலி வேலை செய்பவர்கள். நாற்பது வயதுக்கு முன்னமே இரத்த அழுத்தம் கூடிப் பிறசர் குளிசை போடுகிறோம். றோட்டுக்கரை மாடிவீட்டுப் பெண்கள் பேரப்பிள்ளைகளைக் கண்ட பிறகும் குளிசை இல்லாமல் திரிகிறார்கள். தண்ணீர் ஒன்று, காற்று ஒன்று, பிறகு ஏன் இந்த வித்தியாசம்? நாளைக்கு வேலை இருக்குமோ என்று தினமும் ஏங்குகிற மனம் உடம்பை என்ன செய்கிறது என்று அளக்கத்தான் அந்தப் பேராசிரியர் வந்தார். அவர் உடல்நல உளவியல் படிப்பிக்கிறவர். விடிய எழும்பியவுடன் வருகிற உமிழ்நீரில் மனஅழுத்தத்தின் தடயம் இருக்குமாம்.

வீடு வீடாகக் குப்பி கொடுத்துக் காலையில் சேர்த்தெடுக்க ஊர் ஆள் ஒருத்தி தேவைப்பட்டாள். என்னைப் பிடித்தார்கள். மீன்காரர் கொண்டு திரிவது போல ஓர் ஐஸ் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டித் தந்தார்கள். விதி ஒன்றுதான்: வாய் கொப்பளிக்க முன், தேத்தண்ணீர் குடிக்க முன், குப்பிக்குள் உமிழ வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் அதை மூன்று தரம் வாசித்தேன். எல்லோரும் "ஓம், ஓம்" என்றார்கள்.

ஐந்தாம் நாள் என் முறை. எழும்பினேன், கிணற்றடிக்குப் போனேன், வாய் கொப்பளித்தேன், வந்து குப்பியைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் விளங்கியது. விதியை வாசித்தவளுக்கே இப்படியென்றால் மற்றவர்களுக்கு?

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. துப்ப முன்னம் கொப்பளிச்சனீங்களோ?"

"பின்னை? அவ்வளவு படிச்ச மனுசிக்கு ஊத்தை வாய் எச்சிலையே குடுக்கிறது? நான் பல்லும் தீட்டிப்போட்டுத்தான் தந்தனான்."

"நான் மூண்டு தரம் வாசிச்சனே!"

"வாசிச்சனிதான். உனக்கு அதை எழுதித் தந்தவைக்கு மரியாதை தெரியேல்லை எண்டு நினைச்சன். எங்களுக்குத் தெரியும்தானே."

வீடு வீடாகக் கேட்டேன். எல்லா இடமும் அதே கதை. ஒருத்தி ஏலக்காய் வேறு மென்றிருந்தாள்.

குப்பிகள் பழுதானால் அந்த ஊரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும், நாள் போதாது என்று பேராசிரியர் முதலே சொல்லியிருந்தார். பண்டத்தரிப்புப் பக்கம் ஓர் ஊர் பட்டியலில் காத்திருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் எங்கள் ஒழுங்கை ஆராய்ச்சிக்குள் இருக்கும். ஆனால் கழுவின எச்சிலை வைத்துக்கொண்டு, இந்தப் பெண்களுக்கு ஒரு கவலையும் இல்லை என்று எழுதிவிடுவார்களே!  சனசமூக நிலையத்தில் இருந்த பேராசிரியரிடம் போனேன்.

"மிஸ், அஞ்சு நாள் குப்பியும் பழுது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாமோ?"

"என்ரையும் சேர்த்து." நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப இந்த ஊரை விடத்தான் வேணும், தங்கச்சி."

கை நடுங்கியது. சோதனை மண்டபத்தில் நடுங்கிய அதே கை. இந்த முறை நான் எழுந்து போகவில்லை.

"ஊரிலை பிழை இல்லை, மிஸ். நாங்கள் கேட்ட விதம்தான் பிழை. மூண்டு நாள் தாங்கோ. அதுக்குப் பிறகும் பிழைச்சா நானே உங்களைப் பண்டத்தரிப்புக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "சரி, மூண்டு நாள்" என்றார்.

அன்று வெங்காயக் கொட்டிலில், தேத்தண்ணீர் நேரத்தில், செம்மண் ஒட்டிய வெங்காயம் ஒன்றைத் தூக்கிக் காட்டினேன்.

"இதைக் கழுவித் தந்தா எந்தத் தோட்டத்துத் தறையிலை விளைஞ்சதெண்டு சொல்லுவியளோ?"

"கழுவினா அழுகிப் போகுமெடி, விசரி" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"அப்ப எச்சிலை மட்டும் ஏன் கழுவினனீங்கள்? மிஸ் பாக்க வந்தது எங்களிலை ஒட்டியிருக்கிற மண்ணைத்தான்."

 மூலையில் இருந்து ஒருத்தி, "கேட்டியளே, ஊத்தையாத்தான் வேணுமாம்!" என்றாள். கொட்டில் முழுக்கச் சிரித்தது.

சிரிப்பை நம்பி விட்டுவிடுகிற ஆள் நான் இல்லை. நித்திரைக் கலக்கத்தில் கை பழக்கப்படிதான் போகும். அதனால் பொழுதுபட ஒவ்வொரு வீட்டுக்கும் போய், வாய் கொப்பளிக்கும் செம்புக்குள் குப்பியைப் போட்டு வைத்தேன். தண்ணீர் அள்ளப் போகிற கை முதலில் குப்பியில் படட்டும் என்று.

மூன்று நாளும் குப்பிகள் சரியாக வந்தன. கடைசி நாள் பக்கத்து வீட்டு அக்கா படலையைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, குப்பியை நீட்டினார். நான் வாங்கியதும் ஓடிப்போய்க் கொப்பளித்துவிட்டு வந்து, "உன்ரை மிஸ்ஸிட்டைச் சொல்லு, என்ரை முழு யோசனையும் அதுக்குள்ளை கிடக்கு. சிந்தாமல் கொண்டு போ" என்றார்.

பேராசிரியர் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு பதிவேட்டில் எங்கள் ஊருக்கு நேரே பென்சிலால் போட்டிருந்த கேள்விக்குறியை அழித்தார்.

அந்தப் பெட்டியைக் கொண்டு போகும்போது வழியில் இரண்டு தரம் இறங்கி, மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்திருந்தேன். இரண்டு தரமும் சரியாகத்தான் இருந்தது.