என் வயதுள்ள கிட்டார்

அந்துருண்டை வாசனை வந்தால், சிரம்பான் பக்கத்துக் கோலா சாவா தோட்டத்தில் திறந்த அந்தக் கிட்டார்ப் பெட்டி கண்முன் வந்துவிடுகிறது.

ஐம்பதைக் கடந்த பிறகு, நான் பிறந்த வருடத்தில் செய்த கிட்டார் ஒன்று வேண்டும் என்ற ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது. என்னோடு சேர்ந்து மூப்படைந்த மரம் ஒன்று எங்கோ இருக்கிறது, அதைத் தொட்டால் போதும் என்று அலைந்தேன். கைப்பேசியில் விளம்பரம் பார்த்துப் போன தோட்டத்து வீட்டில் ஓர் அம்மா தனியாக இருந்தார். கிட்டாருக்குள் ஒட்டியிருந்த தாளில் என் வருடமே இருந்தது.

“எனக்கும் இதுக்கும் ஒரே வயசும்மா” என்று சிரித்தேன்.

“என் மவனுக்கும் அதே வயசுதான். அவன் பொறந்தப்ப அவங்கப்பா வாங்குனாரு. அந்த லோரி மோதாம இருந்திருந்தா, அவனுக்கும் ஒன்ன மாதிரி நரச்சிருக்கும்.”

அவர் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாவுற வரைக்கும் இதத்தான் வாசிச்சான். நீ கொஞ்சம் வாசி. கேட்டுட்டுக் குடுத்துர்றேன்.”

“எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா.”

“அப்புறம் எதுக்குப்பா? சும்மா கட்டிப்புடிச்சிக்கவா? அதுக்கு நான் இருக்கேன் லா.”

பெட்டியை மூடிவிட்டார். அவர் மகன் வாழாத வருடங்களையெல்லாம் என் நரையில் சுமந்துகொண்டு நின்றேன்.

என் வருடத்துக் கிட்டாரைத் தேடுவதை விட்டுவிட்டேன். இப்போது ஞாயிறுதோறும் சிரம்பானில், இரவல் கிட்டாரில் வாசிக்கக் கற்கிறேன். விரல் நுனிகள் காய்த்துவிட்டன.

அன்று நான் மோட்டார் சைக்கிளில் ஏறும்போது அவர் வாசலுக்கு வந்து சொன்னார்:

“சீக்கிரம் கத்துக்கிட்டு வா தம்பி. எனக்குக் காது கேக்குறப்பவே வா.”