நெட்டி முறித்த கை

அந்தக் கடைவீதியில் முடிவெட்டும் கடைகள் நாலு. மற்ற மூன்றிலும் நாற்காலி காலியாகக் கிடந்தாலும் நெட்டி அண்ணன் கடைப் பெஞ்சில் மட்டும் ஆட்கள் இடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். முடிவெட்டு சுமார்தான், மறைப்பானேன்! கூட்டம் வந்தது கடைசியில் கிடைக்கிற ஒன்றுக்காக. துண்டை உதறியதும் இரண்டு கையாலும் வந்தவர் தலையைப் பிடித்து, "கண்ணாடியப் பாருங்க" என்பார். அசந்த நேரம் பார்த்து ஒரு திருப்பு. சடக்! வந்தவர் சொக்கிப்போவார். அதனால் இவருக்கு நெட்டி அண்ணன் என்றே பேர் வந்துவிட்டது. "இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. என் நாற்காலியில உக்காந்தவன் ஒருத்தனாவது வலிக்குதுன்னு கத்தியிருக்கானா?" என்பார்.

அவருடைய நாயின் பேர் ரயில். குட்டைக் கால், நீள உடம்பு. முன்பாதி கடைக்குள் வந்து கொஞ்சம் கழித்துத்தான் பின்பாதி வரும் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். பெஞ்சில் தாவி ஏறுவதும், ஆள் வந்தால் குதித்து இறங்கிப்போய் வரவேற்பதும்தான் அதற்குக் கடையில் வேலை.

ஒரு புதன்கிழமை ரயில் பெஞ்சில் ஏறவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் நின்றது. தூக்கினால் முனகியது.

"டாக்டர்கிட்ட காட்டுங்க. எனக்கென்னவோ சரியாப் படல," என்றாள் மனைவி.

"ஊரான் கழுத்தையெல்லாம் நேராக்கறேன், என் நாய்க்குப் பாக்க மாட்டேனா? வெறும் சுளுக்கு. ரெண்டு தேய் தேய்ச்சா ஓடும்."

"அது மனுஷன் இல்லைங்க."

"முதுகு முதுகுதான்டி!"

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் ரயிலை நாற்காலியில் ஏற்றினார். எண்ணெய் தொட்டுக் கழுத்திலிருந்து தேய்த்துக்கொண்டே வந்தார். நடுமுதுகில் ஓரிடம் கல் மாதிரி இறுகியிருந்தது. "இங்கதான்டா ஒளிஞ்சிருக்கு," என்று சிரித்தபடி இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்கி, ஒரு திருப்பு திருப்பினார்.

சடக் வரவில்லை. ரயில் ஒரே ஒரு தடவை வீறிட்டது. பிறகு முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தது. பின்பாதி எழவில்லை. இரண்டு பின்னங்கால்களும் ஈரத்துண்டு மாதிரி நாற்காலியில் கிடந்தன.

பெஞ்சிலிருந்த தபால்காரர் எழுந்தே விட்டார். "அண்ணே, என்ன பண்ணினீங்க?"

நெட்டி அண்ணன் முடிவெட்டும்போது போர்த்துகிற துணியில் ரயிலைச் சுற்றிக்கொண்டு ஓடினார். கடையைப் பூட்டவில்லை.

கால்நடை மருத்துவர் ஒரு பெண். சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "இந்த மாதிரி நீள முதுகு நாய்க்கு முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் சின்ன வயசுலயே காஞ்சுடும். அது பிதுங்கித் தண்டுவடத்த அழுத்துது."

"நான்தான் பிதுக்கிட்டேனா டாக்டர்?"

"நேத்துக் கூனினப்பவே ஆரம்பிச்சிருக்கும். அப்பவே வந்து கூண்டுல அசையாம வெச்சிருந்தா மாத்திரையிலயே சரியாகியிருக்கலாம். நீங்க அமுக்கித் திருப்பியிருக்கவே கூடாது." மருத்துவர் இடுக்கியை எடுத்தார். "பின்னங்கால் விரலைக் கிள்ளப் போறேன். வலி தெரிஞ்சா ஆபரேஷன் பண்ணலாம், பெரும்பாலும் நடந்துடும். தெரியலேன்னா பாதிக்குப் பாதிதான். தலையப் பிடிச்சுக்குங்க."

அவர் பிடித்துக்கொண்டார். கடையில் பிடிக்கிற அதே பிடி. அதை உணர்ந்ததும் கை கூசியது.

இடது விரலைக் கிள்ளியதும் கால் வெடுக்கென்று உள்ளே போயிற்று. "இழுத்துடுச்சு டாக்டர்!"

"அது கால் தானா இழுக்கிறது. தலைக்குச் சேதி போகணும். முகத்தப் பாருங்க."

ரயில் அது பாட்டுக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடக் கடவுளே!

வலது விரல். இடுக்கி இறுகியது. ரயில் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"இன்னும் அழுத்துங்க டாக்டர்," என்றார். சொன்னது தான்தானா என்று அவருக்கே திக்கென்றது. மருத்துவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். யாரையும் கத்த விடாத மனிதர் குனிந்து அதன் காதில் கெஞ்சினார்: "கத்துடா. என் ராசா, கத்துடா."

ரயில் திரும்பியது. அவருடைய கட்டைவிரலை எலும்பு தெரியக் கடித்தது.

"கடிச்சிட்டான்!" அவர் ஓவென்று அழுதார். "டாக்டர், பாருங்க, கடிச்சிட்டான்!"

"முதல்ல சோப்புப் போட்டுக் கையக் கழுவுங்க," என்றார் மருத்துவர், ஆபரேஷன் அறைக் கதவைத் திறந்துகொண்டே.

ஸ்கேன் எடுத்து, எலும்பில் ஜன்னல் மாதிரி வெட்டி, பிதுங்கியதை வழித்தெடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் கூண்டு. ரயில் மறுபடி தாவாமல் இருக்க, அவர் பெஞ்சின் கால்களை ஒரு சாண் உயரம் மட்டும் விட்டு அறுத்துவிட்டார். காத்திருப்பவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டு அவரைத் திட்டினார்கள். கழுத்தை நீட்டியவர்களிடம், "இனிமே வெட்டு மட்டும்தான்," என்றார். பாதிப்பேர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

இப்போது ரயில் நடக்கிறது, கொஞ்சம் கோணலாக. தபால்காரர் வந்தால் ஓடிப்போய் முதுகைக் காட்டி நிற்கிறது. அவரும் இதமாகத் தடவிக் கொடுக்கிறார். ராத்திரி இவர் காலடியில்தான் படுக்கை, இவர் கையால்தான் சாப்பாடு. ஆனால் அந்தக் கை முதுகுப் பக்கம் போனால் மட்டும், தொடுவதற்கு முன்னாலேயே, ரயில் எழுந்து ஒரு அடி தள்ளிப் படுத்துக்கொள்கிறது.