அத்தைக்குப் பூக்கட்டிப் பார்த்த நாள்

அன்று காலை வீட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா, கொள்ளேகாலில் இருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். அப்பா, வாழைக்காய் மண்டியில் அரை நாள் லீவு சொல்லியிருந்தார். அம்மா, ஒரு கால் சமையல்கட்டிலும் ஒரு கால் வெளியிலுமாக நின்றாள். அத்தை, அப்பாவுக்குத் தங்கை. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து வந்தவள் நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை. அப்புறம் நான், ஐந்து வயசு. சுவரில் சாமுண்டி அம்மன் படம். அவளையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

சாமுண்டி மலை இருக்கிற ஊரில், மண்டி மொஹல்லா என்கிற பேட்டையில், ஒரு சந்துக்குள் இருந்தது எங்கள் வீடு. வாடகை வீடு.

விஷயம் இதுதான். அத்தைக்கு ஏமன் நாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. விசா வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஏஜெண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும். ஆனால் அந்த நாட்டில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. ஓனரம்மா வீட்டு டிவியில் காட்டினார்கள். புகை, ஓடுகிற ஆட்கள், ரோட்டில் ஒற்றைச் செருப்பு. வெளியூர்க்காரர்களைப் பிடித்துக்கொண்டு போய் மறைத்து வைக்கிறார்களாம். ஓனரம்மாவே சொன்னாள், கன்னடத்தில், அந்தப் பெண்ணை அனுப்பாதீர்கள் என்று.

பெரியப்பாவுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. ஹனூரில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். மக்காச்சோளக் காடு, சொந்த டிராக்டர். அன்று அவர் குண்டையும் டிராக்டரையும் ஒரே மூச்சில் பேசினார். நடுநடுவே மூக்குப்பொடி டப்பாவைத் திறப்பார், ஒரு சிட்டிகை ஏற்றுவார், கண்ணைத் துடைப்பார், மறுபடி பேசுவார்.

“ஏன் அம்மிணி, உலகத்துல வேற நாடே கெடைக்கலியா? பேர்லயே எமன் இருக்கான்.”

“எமன் கொள்ளேகால் பஸ்லயும்தான் வர்றான் பெரியண்ணா. நீங்க ஏறி வரலையா?”

சமையல்கட்டில் அம்மா சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது.

அத்தை சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. இங்கே மூன்று வருஷமாக பெட்பேன் எடுப்பதும் பெட்ஷீட் மாற்றுவதும்தான் வேலை, அங்கே ஆபரேஷன் தியேட்டரில் நிற்க விடுவார்கள், கற்றுக்கொண்டு வந்தால் தொழிலில் தன்னை யாரும் அசைக்க முடியாது என்றாள். பயமாக இல்லையா என்று பெரியப்பா கேட்டார்.

“இருக்குண்ணா. பயம் இருந்தா போகக் கூடாதா?”

இவ்வளவு பேசினவள் அப்பா பக்கம் மட்டும் திரும்பவில்லை. தாத்தா பாட்டி போன பிறகு அத்தையை வளர்த்தது அப்பா. நர்சிங் படிக்க வைத்ததும் அவர்தான். சின்னண்ணன் வேண்டாம் என்றால் போகமாட்டாள். அது எல்லாருக்கும் தெரியும். அப்பா, ‘வேண்டாம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். தரையைப் பார்த்துச் சொன்னார். எத்தனை தடவை கேட்டாலும் அதே வேண்டாம். அத்தையின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

பிறகு அப்பாவே ஒரு வழி சொன்னார். தான் நிறுத்திவிட்டால் காலம் பூராவும் தங்கச்சி மனசில் அது முள்ளாக இருக்கும், அம்மன் கிட்டேயே பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். பெரியப்பா உடனே சரி என்றார். பெற்ற தாயா மகளைக் கொலைக்களத்துக்கு அனுப்புவாள் என்று அவருக்கு நம்பிக்கை. பூ என்ன சொல்கிறதோ அதுதான், அதற்கு மேல் ஒரு பேச்சு பேசமாட்டேன் என்று அத்தை அம்மன் படத்துக்கு முன்னால் நின்று சொன்னாள்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்களில் பழைய வழக்கம். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. தனித்தனி இலையில் மடித்து, ஒரே மாதிரி கட்டி, சாமி முன்னால் வைக்க வேண்டும். ஒன்றும் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. வீட்டில் ஒன்றும் தெரியாத குழந்தை நான்தான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு மூக்கு ஜாஸ்தி. அம்மா வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவாள். ஊதுபத்தி உருட்டுகிற வீடு மணக்கும் என்று நினைப்பார்கள். மணக்காது. வாசனை சேர்ப்பதெல்லாம் கம்பெனியில். வீட்டில் கரித்தூளும் பிசினும் மூங்கில் குச்சியும்தான். எங்கள் சோறு கரி, பாய் கரி, அம்மாவின் மூச்சும் கரி. அதனாலோ என்னவோ, கைக்கு எது வந்தாலும் முகர்ந்து பார்ப்பேன். நோட்டு, சோப்பு, அடுத்த வீட்டுக் குழந்தையின் தலை, எதையும் விடமாட்டேன். அப்பா மண்டியில் இருந்து வந்ததும் ஒரு விளையாட்டு உண்டு. என் கண்ணைப் பொத்தி, மூக்குக்கு நேரே வாழைப்பழத்தை நீட்டுவார். ரஸபாளையா ஏலக்கியா என்று நான் சொல்ல வேண்டும். ஒரு நாளும் தப்பியதில்லை. மோப்பக்குட்டி என்று கூப்பிடுவார்.

அப்பா மார்க்கெட்டுக்குப் போய்ப் பூவும் இளசான வாழையிலையும் வாங்கி வந்தார். கட்டுகிறவரை யாரும் பார்க்கக் கூடாது. சமையல்கட்டில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டினார். வாழைநாரால் இரண்டு சுற்று. வெளியே வந்து பெரியப்பாவிடம் நீட்டினார். பெரியப்பா இரண்டையும் இரண்டு கையில் ஏந்திப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். இரண்டும் ஒரே பருமன். தலையாட்டிவிட்டு இன்னொரு சிட்டிகை பொடி போட்டுக்கொண்டார்.

அம்மா ஊதுபத்தி ஏற்றத் தீப்பெட்டியை எடுத்தாள்.

“பொறவு ஏத்திக்கலாம்,” என்றார் அப்பா.

அத்தை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடியிருந்தாள். அப்பா என்னைப் பொட்டலங்களுக்கு முன்னால் உட்கார வைத்தார். ஒன்றை எடு என்றார். எதற்கு என்று எனக்குத் தெரியாது. நான் குனிந்தேன். ஒன்றில் வெறும் இலை வாசம். இன்னொன்று மல்லிகை. கரி வீட்டுக்குள் மல்லிகை. நான் வேறு எதை எடுப்பேன்?

அப்பாவே பிரித்தார். பாதி பிரித்து, ‘வெள்ளை’ என்று காட்டினார். பெரியப்பா நம்பவில்லை. மற்றதையும் பிரி என்றார். பிரித்தார். உள்ளே செம்பருத்தி, இதழ் விரிந்த பெரிய பூவாக ஒன்று. பெரியப்பா அம்மன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தாயே, நீ சொன்னால் சரி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். டிராக்டரைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. அத்தை அழுதாள். போகலாம் என்றதும் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

வெள்ளைப் பொட்டலத்தை அப்பா என் கையிலேயே கொடுத்தார். வாசல் படியில் உட்கார்ந்து பூவைப் பாவாடை மேல் வரிசையாக அடுக்கினேன். அங்கன்வாடியில் இருபது வரை எண்ணக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஒந்து, எரடு, மூரு என்று கன்னடத்தில் எண்ணினேன். அம்மா வந்து நூலில் கோத்து என் தலையில் வைத்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் அவ்வளவுதான்.

அத்தை போனாள். போனில் பேசுவாள். சில சமயம் பத்து நாள், இருபது நாள் போன் வராது. டிவியில் மறுபடி புகை காட்டுவார்கள். அப்போதெல்லாம் அம்மா சொல்வாள், அம்மன் உத்தரவு கொடுத்து அனுப்பினவள், அவளே பார்த்துக்கொள்வாள் என்று. பெரியப்பாவும் போனில் அதையேதான் சொல்வார். சொல்லிவிட்டு எல்லாரும் சாப்பிடுவோம். அப்பா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். இறங்காது. அப்படியே எழுந்து போய்விடுவார். விடிந்து பார்த்தால் சாமுண்டி மலை ஏறிவிட்டு வந்திருப்பார், செருப்பு இல்லாமல். அம்மனே பார்த்துக்கொள்கிற விஷயத்துக்கு இவர் ஏன் இப்படிக் கிடந்து தேய்கிறார் என்று எனக்குத் தோன்றும். அம்மாவிடம் கேட்டேன். உங்கப்பாவுக்கு நம்பிக்கை போதாது என்றாள்.

அங்கே சண்டை முற்றியபோது கப்பலில் ஏற்றி, விமானம் மாற்றி அத்தையை ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். இளைத்திருந்தாள். கையில் ஒரு பை. பஸ் ஸ்டாண்டில் அப்பா அவள் தலையைத் தொட்டுப் பார்த்தார். கையைத் தொட்டுப் பார்த்தார். பழத்தைத் திருப்பித் திருப்பி அடி இருக்கிறதா என்று பார்ப்பாரே, அப்படி.

இப்போது அவள் இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் தியேட்டர் சிஸ்டர். கல்யாணம் தன் இஷ்டப்படி செய்துகொண்டாள். எனக்குப் படிப்பு ஏறவில்லை, ஏழாவதோடு நின்றுவிட்டேன். ஊதுபத்திக் கம்பெனியில் பாக்கிங் வேலை. என் பிரசவம் சிக்கலானது. ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் வந்து சேரும்வரை பதறாமல் நின்று பார்த்தது அத்தைதான். அங்கே இதைவிட மோசமாகப் பார்த்திருக்கிறேன், பேசாமல் படு என்றாள். நானும் என் மகளும் இருக்கிறோம் என்றால் அவள் போய் வந்ததால்தான்.

போன மாதம் என் கொழுந்தனுக்கு வளைகுடாவில் வேலை வந்தது. அந்தப் பக்கம் மறுபடி ஏவுகணை, சண்டை என்று செய்தி. பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார் மாமியார். எடுக்க என் மகள். நான் மல்லிகை வாங்கிக்கொண்டு போய் நின்றேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மல்லிப்பூவையா கட்டுவாங்க? புள்ள மோந்து எடுத்துராதா? வாசம் இல்லாத பூவா கொண்டா. நந்தியாவட்டை ஒண்ணு, செவ்வரளி ஒண்ணு. ஒண்ணு போதும்.”

கையில் இருந்த பூவை முகர்ந்து பார்த்தேன்.

இது மார்க்கெட்டுக்கு நாளும் போய் வந்த அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? தங்கச்சிக்குப் போக வேண்டும் என்பதும் தெரியும். போ என்று வாயால் சொல்ல அவரால் முடியவில்லை. அண்ணன் எதிரே முடியவில்லை, பயத்தாலும் முடியவில்லை. அதனால் என் மூக்கால் சொன்னார். நாங்கள் எல்லாரும் பாரத்தை அம்மன் மேல் போட்டுவிட்டுச் சாப்பிட்டோம். அனுப்பியது யார் என்று தெரிந்த ஒரே ஆள் சோறு இறங்காமல் இருந்தார். அத்தனை வருஷமும்.

அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அன்றைக்கு மல்லிகை மலிவு என்பார். அத்தையிடமும் சொல்லவில்லை. போன ஞாயிறு ரஸபாளை ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன். பழத்தை வாங்கிக்கொண்டார். என் மகளைப் பக்கத்தில் இழுத்து அவள் கண்ணைப் பொத்தினார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வாசல் படியில் உட்கார்ந்து எண்ணியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கட்டுவதற்கு ஒரு பூ போதும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

செம்பருத்தி ஒன்று. மல்லிகை பதினேழு.