மெதகும்புர வயலில் படிந்த மண்

நேற்றுக் காலை கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த மருமகள் கூப்பிட்டாள். “மாமி, யாரோ இங்க மண்ணெண்ணெய ஊத்திட்டாங்க. வந்து பாருங்க.” வடிகானில் தேங்கிய தண்ணீரின் மேல் மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம் மின்னியது. குச்சியால் தொட்டுப் பார்த்தேன். எண்ணெயாக இருந்தால் சுழன்று திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். இது சில்லுச் சில்லாக உடைந்து விலகியது. “எண்ணெய் இல்லம்மா, துரு. மண்ணுல இருக்கிற இரும்பு தண்ணியோட வெளிய வருது” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கண்ணாடி போடாவிட்டால் உப்பையும் சீனியையும் மாற்றிப் போடுகிற மாமிக்கு இது மட்டும் எப்படித் தெரிந்தது என்று நினைத்திருப்பாள்.

எப்படித் தெரிந்தது என்று உங்களுக்குச் சொல்கிறேன். ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள் நான், பொறுத்துக்கொள்ளுங்கள். குனிந்தபோது அந்தத் தண்ணீரிலிருந்து பழைய ஆணியை வாயில் வைத்தது போல ஒரு வாடை வந்தது. அவ்வளவுதான், நான் கஹவத்தைக்கு மேலே இருந்த அந்த ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

பலாங்கொடைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அந்த ரப்பர் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயம் மேட்டில் இருந்தது. கீழே பள்ளத்தில் ஒரே ஒரு வயல். மெதகும்புர என்று அதற்குப் பெயர், நடுவயல் என்று அர்த்தம். அது ஒரு சிங்களக் குடும்பத்துடையது: ரன் மெனிக்கே, அவள் புருஷன் அப்புஹாமி. ரன் மெனிக்கேயை அக்கா என்று கூப்பிட்டேன். அந்த ஒரு சொல் இரண்டு பாஷைக்கும் பொது என்பதால் சிரமமில்லை. அப்புஹாமியை மரியாதைக்காக ‘அய்யா’ என்றேன். சிங்களத்தில் அது அண்ணனைக் கூப்பிடுகிற சொல் என்று எனக்குத் தெரியாது. அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு என்னை ‘நங்கி’ என்று கூப்பிட ஆரம்பித்தார். நங்கி என்றால் தங்கச்சி. தெரியாத்தனத்தால் எனக்கு ஓர் அண்ணன் கிடைத்தார்.

மூத்தவன் பிறந்ததும் எனக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. பிள்ளை இரவும் பகலும் கத்தினான். தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த புட்டிப்பாலை வாந்தியெடுத்தான். ஒரு காலையில் ரன் மெனிக்கே இடுப்பில் தன் கைக்குழந்தையோடு மேடேறி வந்தாள். எங்கள் காம்பராவுக்குள் நுழைந்து, யாரையும் கேட்காமல், என் மகனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். “இவன் அழுறது கீழ வரைக்கும் கேக்குது. எனக்குப் பால் கட்டிக்கிட்டு வலிக்குது” என்றாள் சிங்களத்தில். அன்று முதல் ஒரு பக்கம் அவள் மகள் சுது, மறுபக்கம் என் மகன். அந்த வயலின் சிவப்பரிசிச் சோறுதான் அவளுக்கு உணவு. என் மகனுடைய எலும்பு அந்த வயலில் விளைந்தது என்று நான் சொன்னால், அது பேச்சுக்குச் சொல்வதல்ல.

பிள்ளைகள் நடக்க ஆரம்பித்த காலத்தில், வயலுக்கு நேர் மேலே இருந்த காட்டை அழித்து ரப்பர் போட்டார்கள். கன்றுகளுக்கிடையில் ஒரு புல்கூடக் கண்ணில் படக்கூடாது என்பது தோட்டத்து முதலாளித் துரையின் கட்டளை. நாங்கள் பெண்கள் வரிசையாக நின்று சுரண்டியால் மலையை மழித்தோம். பண்டிகைக்குக் கூட்டிய வாசல் மாதிரி இருக்கும். முதல் பெருமழையில் அந்த வாசல் கரைந்து கீழே இறங்கியது.

அப்புஹாமி முதலில் கவலைப்படவில்லை. “மலை மண்ணு வயலுக்கு உரம் நங்கி” என்று சிரித்தார். வெள்ளம் நின்ற பிறகு பார்த்தோம். பருமணல் முதலில் இறங்கிவிட்டது. அதன் மேல் அரைத்த மாவு போல மென்மையான சேறு, முழங்கால் அளவு. வெயில் அடித்ததும் தண்ணீர் பிதுங்கி வெளியேற, சேறு கணுக்கால் அளவுக்குத் தாழ்ந்து ஓடு ஓடாக வெடித்தது. அடுத்த மழைக்கு அதன் மேல் இன்னொரு படிவு. மேலே பாரம் ஏற ஏற அடியில் கிடந்தது இறுகியது. பழைய நெல்தாள்கள் காற்றில்லாமல் உள்ளேயே கிடந்தன. நாற்று நட நானும் ரன் மெனிக்கேயும் கை விட்டபோது அழுகிய முட்டை வாடை குப்பென்று வந்தது. நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் கையோடு வந்த சேறு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களில் துருவேறியது. நட்ட நாற்றுகள் பச்சை பிடிக்கவில்லை. செம்புக் கம்பி மாதிரிச் சிவந்து நின்றன. பிடுங்கினால் வேரெல்லாம் செம்மஞ்சள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் படலம் வந்தது. மலையடியில் ஊறிய தண்ணீர் வயலில் தேங்கி மின்னும். எண்ணெய் இல்லை, மண்ணின் இரும்புதான் துருவாக வருகிறது என்று குச்சியால் தொட்டுக் காட்டியவர் அப்புஹாமி. வற்றினால் மிளகு மிளகாகப் பழுப்பு மணிகள். அந்த மணிகள் மணலைப் பிடித்துக்கொண்டன. வருஷங்கள் போகப் போக ஒன்றோடொன்று ஒட்டி, அடை தட்டியது போல ஒரே பலகையாகிவிட்டது. அதில் இறங்கிய எருமை குளம்பு கிழிந்து நொண்டியது. “பொரளு” என்றார் அப்புஹாமி. சரளைக்கல் என்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை. கல் வேறு, மண் வேறு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அவர் துரையைப் பார்க்கப் போனார். துரைக்குத் தமிழ் தெரியும், சிங்களம் தெரியாது. அப்புஹாமிக்குத் தமிழ் வராது. நடுவில் நான். “மேலே குறுக்கே தண்ணி வடியுறதுக்குக் கான் வெட்டச் சொல்லு நங்கி, வேற ஒண்ணும் வேணாம்” என்றார். சொன்னேன். பங்களா வாசலில் நின்றபடியே துரை பதில் சொன்னார்: “எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தா என் மண். அந்தப் பக்கம் போனா அவன் மண். அவன் மண்ணுக்கு நான் என்ன செய்றது?” இதை நான் சிங்களத்தில் சொல்லவேண்டும். பாதிச் சொற்கள் எனக்கு வராது. ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. தலையிலிருந்து எடுத்த துண்டைத் திரும்பக் கட்டாமலே இறங்கிப் போனார்.

வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் வீட்டுக்காரரும் லயத்து ஆட்கள் சிலரும் கீழே இறங்கி, அவர்களோடு சேர்ந்து மண்ணை உடைத்துக் கூடையில் அள்ளி ஓடையில் கொட்டினோம். திங்கட்கிழமை அதே கைகளால் மேலே புல் சுரண்டினோம். ஒரு மூலையைத் துப்புரவாக்கினால், ஒரு மழை அதை மூடிவிடும்.

பிறகு மலேரியாக் காய்ச்சல் எல்லா ஊர்களிலும் நுழைந்த காலம் வந்தது. எங்கள் லயத்திலும் படுத்தார்கள். தோட்டத்து அரிசி இருந்ததால் என் மகன் கஞ்சி குடித்து எழுந்துவிட்டான். கீழே அவர்களுக்குப் பலாக்காயும் காட்டுக் கீரையும்தான். சுதுவின் உடம்பில் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. என் மடியில் தலை வைத்திருந்தாள். தண்ணீர் கேட்டாள். எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் போய்விட்டாள்.

சொந்த மண்ணிலேயே வைப்போம் என்றாள் ரன் மெனிக்கே. அப்புஹாமியும் என் வீட்டுக்காரரும் வயலில் இறங்கி, அலவாங்கு என்கிற கடப்பாரையால் குத்தினார்கள். நெருப்புப் பொறி பறந்தது. பிள்ளைக்குக் குழி வெட்டுகிற சத்தமாக அது இல்லை, கல்லுடைக்கிற சத்தமாக இருந்தது. மத்தியானம் சாய்கிற நேரத்தில் அந்தப் பலகை உடைந்தது. அதன் கீழே பழைய வயல். கறுப்பாக, ஈரமாக, வெண்ணெய் போல. என் வீட்டுக்காரர் கையை விட்டு எடுத்தபோது ஒரு பிடி நெல்தாள் வந்தது. அதில் ஒட்டியிருந்த ஓர் இலை, சத்தியமாகச் சொல்கிறேன், பச்சையாக இருந்தது. காற்றுப் பட்டதும் எங்கள் கண்ணெதிரே கறுத்துப்போனது.

ரன் மெனிக்கே அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். “என் வயல் சாகல்ல நங்கி. உள்ளுக்குள்ள இருந்திருக்கு” என்றாள். அதுவரை அவள் அழவில்லை. பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: “இன்னும் ஆழமா வெட்டுங்க. புள்ளைய அந்த மெத்துன்னு இருக்கிற இடத்துல படுக்க வைங்க.”

அடுத்த மழைக்கு முன் அவர்கள் வெல்லவாயப் பக்கம் அவள் தம்பி வீட்டுக்குப் போனார்கள். புறப்படும்போது மேடேறி வந்து என் மகனின் தலையைத் தடவினாள். “இவன் நல்லாச் சாப்பிடட்டும்” என்றாள். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்து ஓய்ந்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கலியாணத்துக்கு அந்தப் பக்கம் போனேன். முழங்கால் வலியோடு பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். வரப்பு இல்லை. ஓடை திசை மாறியிருந்தது. சாயங்காலத்தில் காதைத் துளைக்கிற தவளைச் சத்தம் இல்லை. மெதகும்புர எது என்று கேட்டால் சிங்களவர்களுக்கும் தெரியவில்லை. சுதுவின் குழிமேடு எங்கே இருந்தது என்று தேடினேன். மலையடி முதல் றோடு வரைக்கும் ஒரே மட்டமாகக் கிடந்தது. நடுவில் லயத்துப் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“இங்க வயல் ஒண்ணு இருந்திச்சே தம்பி?” என்று ஒருவனிடம் கேட்டேன்.

“வயலா? இல்ல பெரியம்மா, இது எப்பவும் கிரவுண்டுதான்” என்றான். நான் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. “நல்ல கெட்டித் தரை. பந்து எப்பிடி எழும்புது பாருங்க” என்று சொல்லி, பந்தைத் தலைக்கு மேலே தூக்கி, ஓங்கித் தரையில் அடித்துக் காட்டினான்.