பதினோரு நாள் மாமியார்

அரசாங்கப் பதிவேட்டின்படி நான் பதினோரு நாட்கள் என் மனைவிக்கு மாமியாராக இருந்தேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். தேயிலை கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் ஒரு பிழை விடாமல் குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு அது லேசான விஷயமாக இல்லை.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. குளிர்காலம் முடிவதற்குள் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் சிக்கலாகிவிடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். எங்களிடம் இன்ஷூரன்ஸ் கிடையாது. இலவச சிகிச்சைக்கான அரசாங்க கார்டுக்காக யார் போய் கியூவில் நிற்பது என்று வருடக்கணக்கில் அலட்சியமாக இருந்துவிட்டேன். மாடி வீட்டு வங்காளிக்காரர், எனக்குத் தம்பி வயது, ஆனாலும் இந்த ஊர் வழக்கப்படி எங்களுக்கு 'தாதா', அதாவது அண்ணன், லேக் மார்க்கெட் பக்கத்து க்ளப்பில் முகாம் போட்டிருக்கிறார்கள், போய்ப் பதிந்துகொள்ளுங்கள் என்று துரத்திய பிறகுதான் எழுந்தேன்.

எழுந்தவன் சும்மா இருந்தேனா? என் காலத்தில் ஆயுள் காப்பீடு எடுக்கப் போனால் நாடி, ரத்தம், சிறுநீர் என்று ஒன்று விடாமல் பார்ப்பார்கள். சர்க்கரை இருந்ததால் எங்கள் ஆபீஸில் ஒருவரைத் திருப்பியே அனுப்பிவிட்டார்கள். ஆகவே பரீட்சைக்குப் படிப்பதுபோல ஒரு வாரம் தயாரானோம். காப்பியில் சர்க்கரை கிடையாது, உருளைக்கிழங்குக்குத் தடை. கடைசியில் அவளை உட்காரவைத்துப் பாடமும் நடத்தினேன்.

"கண் தெரியலைன்னு மட்டும் வாயைத் திறந்துடாதே. என்ன கேட்டாலும் நன்னாத் தெரியறதுன்னு சொல்லு."

முகாமில் நாடி பார்க்கக்கூட ஆளில்லை. ஒரு லேப்டாப், ஒரு கேமரா, விரல் ரேகை வைக்க ஒரு கருவி, அவற்றுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண். நான் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்து, குடும்பத் தலைவன் நான்தான் என்று ஆதாரை நீட்டினேன். அந்தப் பெண் வாங்கவில்லை. வயதான பெண்களை இங்கே மாஷிமா என்பார்கள். கார்டு மாஷிமாவின் பெயரில்தான் வரும், குடும்பத் தலைவி அவர்தான், நீங்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் என்று வங்க மொழியில் தன்மையாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. நாற்பத்தெட்டு வருடத் தலைமைப் பதவி ஒரு நொடியில் போயிற்று. கோபித்துக்கொண்டு வெளியே வந்து, எதிர்க்கடையில் நிறையச் சர்க்கரை போட்டு ஒரு டீ குடித்தேன்.

உள்ளே நடந்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குடும்பத்தாரின் பட்டியலைத் திரையில் காட்டி, எல்லாம் சரியா, பார்த்துச் சொல்லுங்கள் மாஷிமா என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே, நன்றாகத் தெரிகிறது, எல்லாம் சரி என்று என் மனைவி ரேகையை வைத்துவிட்டாள். என் பெயருக்கு நேரே, கணவர் என்று இருக்க வேண்டிய இடத்தில், மாமியார் என்று இருந்தது.

கார்டையும் பட்டியலையும் கையோடு கொடுத்தார்கள். நானும் ஒரு பார்வை பார்த்தேன். எழுத்து ரொம்பப் பொடி. இவ்வளவு கஞ்சத்தனமாகவா அச்சடிப்பார்கள் என்று திட்டிவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மாமியார் வரவில்லையா என்று என்னையே விசாரித்தார். திருத்திக்கொண்டு வந்தால்தான் ஆபரேஷனுக்குத் தேதி என்றார். திருத்தப் போனால் வியாதியைக் கேட்டுத் தள்ளிவிடுவார்களே என்று நான் முணுமுணுத்தேன். பழைய வியாதிக்கும் இதில் முதல் நாளிலிருந்தே சிகிச்சை உண்டு, ஒளிக்க ஒன்றுமே இல்லை என்று அவர் சொன்னார். ஒரு வாரம் உருளைக்கிழங்கைத் துறந்தது வீண்.

அன்றைக்கே மறுபடி முகாம். அதே பெண், அதே திரை, அதே கேள்வி. என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது, நீயே படித்துச் சொல் அம்மா என்று நானே சொன்னேன். எத்தனை நாளாக என்று அந்தப் பெண் கேட்டாள். இரண்டு மாதமாக என்றேன். இரண்டு வருடமாக என்று என் மனைவி திருத்தினாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதப்போவதில்லை. என் மனைவி இரண்டு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து டிவி சீரியலைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். டிவியைச் சத்தமாக வைத்தால்தான் அவளுக்குப் பிடிக்கும் என்று நான் நினைத்திருக்கிறேன். என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

பட்டியல் திருந்தியது. தேதியும் கிடைத்து, முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. மறுநாள் கட்டைப் பிரித்ததும் அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, கையை நீட்டி என் இடது தாடைக்குக் கீழே தொட்டாள்.

"இந்தப் பக்கம் ஷேவே பண்ணலையே. தினமும் இப்படித்தான் வெளில போறேளா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்குக் கண்ணு தெரியறதா?" என்று கேட்டாள்.

பக்கத்தில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சரியாத் தெரியலை," என்றேன்.