பஷீருதீன் பாயின் வலது கால்

மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புக்கடை வைத்திருந்த பஷீருதீன் பாய்க்கு ஊரில் பாதிப் பேருடைய கால் அளவு தெரியும். தன் கால் தரையில்தான் இருக்கிறதா என்பது மட்டும் தெரியாது. கேலி இல்லை, நிஜம். வலது செருப்பு கழன்று தெருவில் கிடக்கும். பாய் வெறுங்காலோடு கடை வரைக்கும் வந்துவிடுவார். எதிரே சங்கு, பாசிமணி விற்கிற ராஜாராம் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவார்.

"இன்னா பாய், விளம்பரமா? வழியெல்லாம் போட்டுகினு வர்ற?"

"சேம்பிள்ப்பா. புடிச்சிருந்தா ஜோடியா வாங்கிக்க."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். பாய் செருப்பை மாட்டிக்கொள்வார். குனிந்து காலைப் பார்க்க மட்டும் மாட்டார்.

காரணம் உண்டு. அவரைப் பெற்ற அத்தாவுக்குச் சர்க்கரை வியாதி. முதலில் வலது காலில் ஒரு விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால் வரைக்கும். கடைசி வருஷங்களில் மனுஷருக்கு ஒற்றைச் செருப்பு போதும். மிஞ்சிய வலது செருப்புகள் எல்லாம் கடைப் பரண்மேல் இருக்கின்றன. யாராவது கேட்டால், ஜோடியை எலி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்பார் பாய்.

தொண்ணூற்று நாலில் ஓர் இலவச முகாமில் அவருக்கும் சர்க்கரை என்றார்கள். பாய் வாதாடவில்லை. வேறு வழி கண்டுபிடித்தார். வருஷத்துக்கு ஒரே தடவை, அதுவும் நோன்பு மாசத்தில், பொழுது சாயப்போகும் வேளையில் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுப்பார். விடியலுக்கு முன் சாப்பிட்டதெல்லாம் கரைந்திருக்கும். சர்க்கரை அளவும் நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். வீட்டுக்கு வந்து நோன்புக் கஞ்சி, வடை, சமோசா, மேலே ஒரு ரோஸ்மில்க். மாத்திரை டப்பா அடுத்த நோன்பு வரைக்கும் தூங்கும்.

"பாரு, நார்மல் கீது" என்று மனைவி சுல்தான் பீவியிடம் காட்டுவார்.

"நாள் பூரா பட்டினி போட்டா குதிரைக்கும் நார்மலாத்தான் இருக்கும். பெருநாள் முடிஞ்சி ஒருநா போய்க் குடுங்களேன்."

போகமாட்டார். இப்படியே எட்டு வருஷம் ஓடியது.

இரண்டாயிரத்து ரெண்டில் ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் தரையைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "இன்னாடி இது, பீட்ரூட்டக் கொட்டி வச்சிகீற?"

சுல்தான் பீவி எட்டிப் பார்த்தாள். வாசலிலிருந்து அவர் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் சிவப்புத் தடம். வாசலில் விடாமல் காலோடு வந்திருந்த செருப்பைக் கழற்றினாள். செருப்போடு சேர்ந்து காலும் தூக்கிக்கொண்டு வந்தது. செருப்பின் அடியில் ஏறின ஆணி, சுண்டுவிரலுக்குக் கீழே பாதத்துக்குள் புகுந்திருந்தது. காலையிலிருந்து அதன்மேல்தான் நின்று வியாபாரம் பண்ணியிருக்கிறார்.

"வலிக்கலையாங்க?"

"இல்லியே" என்றார் பாய். அது பொய்யில்லை என்பதுதான் அவளுக்கு பயமாக இருந்தது.

செங்கல்பட்டில் ஸ்ரீதேவி டாக்டர் புண்ணைத் துடைத்துக் கட்டினார். பிறகு மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். "கண்ண மூடிக்குங்க பாய். நான் கால்ல தொடும்போதெல்லாம் சொல்லுங்க."

"ஆங்... ஆங்... இப்ப... ஆங்..." பாய் தாளம் தப்பாமல் சொல்லிக்கொண்டே போனார்.

"பாய், நான் அதைக் கீழ வச்சி ரொம்ப நேரமாச்சு."

சுல்தான் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

டாக்டர் வேறொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். மூன்று மாசத்துச் சராசரியைச் சொல்லிவிடுகிற பரிசோதனை. ஒருநாள் சாயங்காலப் பட்டினி அதனிடம் செல்லாது. முடிவு வந்தபோது பாய் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்பதுபோல.

"எதிர்க்கடை ராஜாராம் வெந்தயம் முழுங்கித்தான் சர்க்கரையக் கொறச்சான். நானும் முழுங்கினேன் டாக்டரம்மா. ஒண்ணும் ஆவல."

"கடைக்கு வர்றவங்க எல்லாருக்கும் ஏழாம் நம்பர் செருப்பையே குடுப்பீங்களா? அவர் ஒடம்பு வேற, உங்க ஒடம்பு வேற. உங்களுக்கு எது ஏத்துது, எது எறக்குதுன்னு பாப்போம்."

சின்ன மிஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து சுல்தான் பீவி அவர் விரலில் குத்துவாள். நல்லது என்று ஊரே சொன்ன இட்லி அவருக்குச் சர்க்கரையை எகிற வைத்தது. கேழ்வரகுக் கஞ்சியும் அப்படியே. கொஞ்சம் சோறு, நிறைய கீரை, மீன் என்றால் அடங்கிக் கிடந்தது. மாத்திரை போதாதென்று ஊசியும் சேர்ந்தது.

"நாலு இட்லிக்கு இவ்ளோ ஆட்டமா?" என்று மிஷினைத் திட்டுவார் பாய்.

ஆனால் பார்க்காமல் விட்ட எட்டு வருஷம் எட்டு வருஷம்தானே. சுண்டுவிரலை எடுக்க வேண்டிவந்தது. எடுத்த அன்றைக்கு பாய் அழவில்லை. ஒன்றும் தோன்றவில்லை என்றார்.

மறுபடி காட்டப் போனபோது டாக்டர் அதே இழையை எடுத்தார். பாய் கண்ணை மூடினார். இந்தத் தடவை தாளம் இல்லை.

"தெரில... தெரில டாக்டரம்மா... இதும் தெரில." கொஞ்சம் பொறுத்து, "குதிகால்ல ஏதோ கீது."

"இப்பதான் உண்மையச் சொல்றீங்க. இனி மீதிக் கால நாம பாத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

அதிலிருந்து தினமும் கடை மூடிவிட்டு வந்ததும் வலது காலை நீட்டிவிடுவார். சுல்தான் பீவி விரல் இடுக்கு, குதிகால், பாதம் எல்லாம் தடவிப் பார்ப்பாள். பாய் மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"சீக்கிரம் ஆரம்பிடி, பசிக்குது."

"அப்பலேந்து தடவிக்கினுதாங்க கீறேன்."

பாய் குனிந்து பார்த்தார். அவள் கை அவர் பாதத்தின்மேல்தான் இருந்தது.

"செரி" என்றார். "இரு, நானும் பாக்கறேன்."