தோளில் தையல் இல்லாத சட்டை

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அப்பாவின் ஜீப்பை எடுத்துக்கொண்டு, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ஓடிவந்தவள் நான். மாப்பிள்ளை மோசமானவர் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு நான் என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, "நாச்சியார் எதுவும் செய்ய வேண்டாம்" என்றார். அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

எங்கள் ஜமீன் எப்போதோ போய்விட்டது. மழைக்கு ஒழுகும் அரண்மனையும் 'நாச்சியார்' என்ற அழைப்பும்தான் மிச்சம். எனக்குத் துணி வெட்டித் தைக்க ஆசை. தாத்தாவின் பழைய கோட்டுகளைப் பிரித்துப்போட்டு, உள்ளே எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பார்த்து அடி வாங்கியிருக்கிறேன்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜீப் நின்றுபோனது. அங்கேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். 'சாலை' என்று பெயர் கொண்ட கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்த நாகர்கோவில்காரரிடம் போய் வேலை கேட்டேன். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். என் பேச்சைக் கேட்டுவிட்டு, ஒரு வாரம் தாங்குவேனா என்று சந்தேகப்பட்டார். ஆறு வருஷம் இருந்தேன். முதல் வருஷம் முழுக்கக் காஜாவும் பட்டனும்தான்.

அதன்பின் பக்கத்துச் சந்தில் சொந்தமாக ஒரு மெஷின் போட்டேன். முதலில் வந்தவர் பாறசாலையைச் சேர்ந்த சுமட்டுத் தொழிலாளி, தெருவில் அரிசி மூட்டை இறக்குபவர்.

"அக்கா, எனக்கு எந்தச் சட்டையும் தோள்லதான் கீறும். மாசம் ரெண்டு போவுது. ஒரு வழி உண்டோ?"

எங்கே உரசுகிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. என் தோளில் ஒரு மூட்டையை வைக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கி அரை மூட்டைதான் வைத்தார். பத்தடி நடந்து, பதினொன்றாவது அடியில் வெங்காயக் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். தெருவே சிரித்தது. ஆனால் விஷயம் பிடிபட்டது: சட்டையின் தோள் தையல் சரியாக மூட்டைக்கு அடியில் வந்து நசுங்குகிறது. தையலை மார்புப் பக்கம் இறக்கினேன். தோளுக்கு, குளித்துவிட்டுத் துவட்டும் தோர்த்துத் துணியை இரண்டாக மடித்து ஒரே துண்டாகப் போட்டேன்.

அந்தச் சட்டை ஏழு மாதம் கிழியவில்லை. மற்றவர்களும் வந்தார்கள். அவர்களைப் பார்த்துக் கல்லூரிப் பையன்களும் அதே சட்டையைக் கேட்டு வந்தபோதுதான், நான் டிசைனர் ஆகிவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது.

புதிய டிசைனர்களுக்காக ஒரு ஹோட்டலில் ஷோ வைத்தார்கள். அவர்கள் அனுப்பிய மாடல்களுக்கு என் சட்டை ஹேங்கரில் தொங்குவதுபோல் தொங்கியது. அதனால் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் ஐந்து பேரை அழைத்துப் போனேன். நால்வர் ஒழுங்காக நடந்தார்கள். பாறசாலைக்காரர் பாதி மேடையில் இருக்கும்போது போன் அடித்தது. நின்று எடுத்தார்.

"லோடு வந்தோ? பத்து மினிட்டு. நான் இங்க நடந்துட்டிருக்கேன்."

அன்று அதிகக் கைதட்டல் அவருக்குத்தான்.

கடைசி வரிசையில் பட்டு அங்கவஸ்திரத்தோடு அப்பா உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் போட்ட கடிதங்களுக்குப் பதிலே வந்ததில்லை. ஷோவுக்கு நான் அனுப்பிய அழைப்புக்கு ஆளே வந்திருந்தார். ஷோ முடிந்ததும் என்னிடம் வரவில்லை. நேராகப் பாறசாலைக்காரரிடம் போய், எத்தனை கிலோ தூக்குவீர்கள் என்று விசாரித்தார். அவருடைய தோளைத் தடவி, தையலைத் தேடினார். அதன்பின்தான் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணு தைப்பியா?"

டேப் என் கைப்பையிலேயே இருந்தது. மேடைக்குப் பின்னால் நிற்க வைத்து அளவெடுத்தேன். கையை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் தோளை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. எழுதிய எண்ணைச் சரிபார்ப்பதுபோல் தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சட்டையைத் தைத்து ஊருக்கு அனுப்பினேன். பத்தே நாளில் கூரியரில் திரும்பி வந்தது, கூடவே ஒரு சீட்டு: மூக்குக்கண்ணாடி நுழையவில்லை, பாக்கெட்டைப் பெரிதாக்கவும்.